கிணறு நம்முடையது, தண்ணீர் பொதுவானது

“பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்” என்று ஊதாரி ஒருவனைப் பற்றிப் பேசுவது நம்மவர் வழக்கம். இந்த வழக்கை உண்டாக்கியவர் யாராக இருந்தாலும், அவர் யாழ்ப்பாணத்தில் துலா மிதித்தவராக இருந்திருக்க முடியாது. ஆறு பாயாத மண்ணில், கல்லைப் பிளந்து கிணறு வெட்டி, பட்டை பட்டையாக இறைத்துப் பயிர் வளர்த்த நம் முன்னோருக்குத் தண்ணீரின் விலை தெரிந்திருந்தது. அவர்கள் அதைத் தோளாலும் காலாலும் அறிந்திருந்தார்கள். நாமோ ஒரு சுவிச்சைத் தட்டுகிறோம்; தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எதுவரை வரும் என்று கேட்பதில்லை.

சுற்றாடலைப் பேணி வாழ்வது பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள். பனிமலைகள் உருகுவது பற்றியும் காடுகள் எரிவது பற்றியும் நாம் கேள்விப்படுகிறோம். பெருமூச்சு விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் இக்கேள்வி நம் ஒவ்வொருவருடைய வளவிலும் இருக்கிறது. அது கிணற்றடியில் இருக்கிறது. ஆகவே இவ்வாரம் நமது கிணற்றைப் பற்றியே சற்று ஆராய்வோம். குடும்பமாக இருந்து வாசித்தால் நன்று. இறுதியில் சில கேள்விகளும் தரப்பட்டுள்ளன.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கரையோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம். புரட்டாதி மாதம், மாரி தொடங்கவில்லை. ஓரிரவு பத்து மணிக்குத் தண்ணீர்த் தாங்கியை நிரப்ப மோட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தவன், அப்படியே உறங்கிவிட்டேன். விடிய ஐந்து மணிக்குத்தான் விழிப்பு வந்தது. அடுத்த வளவில் குடியிருந்த தாயார் பூசைக்கு வந்தபோது கோபமின்றிச் சொன்னார்: “சுவாமி, ராத்திரி முழுக்க உங்கட ராங்கி வழிஞ்சு கொண்டு கிடந்தது. விடியப் பிள்ளையைக் குளிக்க வார்ப்பம் எண்டு பாத்தால், எங்கட கிணத்திலை வாளி தட்டுது.”

அன்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 30 லீற்றர் என்று வைத்தாலும் 7 மணித்தியாலத்தில் 12,600 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கியில் நின்றது. மிகுதி 11,600 லீற்றரும் வீண். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று கொண்டால், ஐந்து பேருள்ள குடும்பம் ஒன்றுக்கு அது 23 நாட்களுக்குப் போதுமான தண்ணீர். என் கிணற்றிலிருந்து நான் இறைத்தேன். அடுத்த வீட்டுக் கிணற்றில் வாளி தட்டியது. இது எவ்வாறு நடந்தது?

1. நமது காலடியில் இருப்பது

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. இக்கல் இறுகிய பாறையன்று; வெடிப்பும் துவாரமும் குகையும் நிறைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையின் ஒரு பகுதி மண்ணினூடாக இறங்கி இக்கல்லின் துவாரங்களில் தங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆகவே குடாநாட்டில் நாம் குடிப்பதும் குளிப்பதும் பயிருக்கு இறைப்பதும் பெரும்பாலும் இந்த நிலத்தடி நீரைத்தான். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் நீர்ப்படுகைகள் இருப்பதாக ஆய்வாளர் வகுத்துள்ளனர்.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வளவின் கீழும் தனித்தனித் தண்ணீர் இல்லை. பெரிய பானை ஒன்றின் வாயைப் பலகையால் மூடி, அதில் நூறு துவாரம் இட்டால் எப்படியோ அப்படி. துவாரங்கள் நூறு, பானை ஒன்றே. ஒருவர் அள்ளினால் மற்றவருக்குக் குறைகிறது. ஒருவர் அழுக்கை ஊற்றினால் மற்றவரும் குடிக்கிறார்.

இன்னும் ஒன்று. இப்பானையின் அடி உப்புநீர். குடாநாட்டைச் சூழவும் கடல். நிலத்தின் அடியிலும் கடல்நீரே புகுந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரிலும் பாரம் குறைந்தது. ஆகவே அதன்மேல் மிதந்து நிற்கிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றை அறியாதார் இல்லை. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வியந்திருக்கிறோம். அது தனி அதிசயமன்று. நமது குடாநாட்டின் அடியில் எங்கும் இருக்கும் நிலையை அக்கிணறு நமக்குத் திறந்து காட்டுகிறது.

நன்னீருக்கும் உப்புநீருக்கும் உள்ள இச்சமநிலைக்குக் கணக்கு ஒன்று உண்டு. ஒல்லாந்தில் கைபனும் ஜேர்மனியில் ஹேர்ஸ்பேர்க்கும் கடலோர மண்ணை ஆராய்ந்து, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே இதை வகுத்தனர். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பதே அது. இதை மறுபுறமாகவும் பார்க்க வேண்டும். மேலே 1 அடி இறங்கி, அந்த இறக்கம் நீடித்தால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். ஒரே நாளில் இது நடந்துவிடுவதில்லை. ஆனால் நாள்தோறும் மிகையாக இறைக்கும் கிணற்றின் நேர் கீழே உப்புநீர் கூம்புபோல மேலே எழும்புகிறது. ஏறிய சவரை இறக்குவது எளிதன்று. அதற்கு நல்ல மாரிகள் பல வேண்டும். நம் பொறுமையும் வேண்டும்.

“வழிந்த தண்ணீர் திரும்பவும் நிலத்துக்குள்தானே போகிறது?” என்று சிலர் கேட்பர். அன்று காலை நானும் அவ்வாறு மனதைத் தேற்றிப் பார்த்தேன். சீமெந்து முற்றத்தில் வழிந்த நீரில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிறது. ஒரு பகுதி வீதி வாய்க்காலோடு கடலுக்குப் போகிறது. எஞ்சியது மெல்ல மெல்ல இறங்கும்போது மண்ணில் கிடக்கும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டே இறங்குகிறது. அதற்கிடையில், இறைத்த வேகத்தில் அடியிலிருந்து சவர் ஏறியது ஏறியதுதான்.

2. துலாவிலிருந்து மோட்டருக்கு

பழங்காலத் தோட்டத்தில் இறைப்பு என்றால் மூவர் வேண்டும். ஒருவர் துலா மிதிப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். ஒருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்டுவார். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பர். மனித உடலின் களைப்பே அக்காலத்தில் கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மனிதன் ஓய்ந்தபோது கிணறு ஊறியது.

1950களை அடுத்து மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஊர்தோறும் பரவின. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது நமது தோட்டக்காரர் கைநிறைய உழைத்தனர். அந்த உழைப்பால் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். இதைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. துலாவுக்குத் திரும்புவோம் என்றும் நாம் சொல்லவில்லை. முதுகு ஒடிந்த அந்த மனிதரைக் கேட்டால் மோட்டரை வாழ்த்துவார். ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே அன்று உடல் வைத்த எல்லையை இன்று அறிவும் மனச்சாட்சியும் வைக்க வேண்டியிருக்கிறது. இதுவே இக்கட்டுரை கூற விரும்பும் செய்தி.

3. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

சவரை நாக்கு கண்டுபிடித்துவிடும். நாக்குக்கும் மூக்குக்கும் எட்டாத கேடு ஒன்று உண்டு. அது நைத்திரேற்று. வயலுக்கும் தோட்டத்துக்கும் இடும் யூரியா முதலிய பசளைகளிலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும், மாட்டுக் கொட்டிலின் கழிவிலிருந்தும் அது உண்டாகி நீரோடு இறங்குகிறது. 1980களிலிருந்தே யாழ்ப்பாணக் கிணறுகளில், சிறப்பாகத் தோட்டப் பகுதிகளில், நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை. இதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக் கூடும்.

தாய்மார் இதை நன்கு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. கொதிக்கும்போது நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய் இந்த ஆபத்திலிருந்தும் தன் பிள்ளையைக் காக்கிறாள். கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கேட்டறியலாம்.

சுன்னாகத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. மின் உற்பத்தியோடு சேர்ந்த எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மக்கள் பவுசரில் வந்த தண்ணீருக்குக் காத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 ஏப்பிரலில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பாயிற்று. பெரியவர் செய்த பெரும் பிழையைக் கண்டு கொதித்தோம், அது நியாயமே. ஆனால் மோட்டார் சைக்கிளின் பழைய எஞ்சின் ஒயிலை வேலியோரம் ஊற்றுபவர் யார்? பயிருக்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினியைக் கிணற்றடியில் கழுவி ஊற்றுபவர் யார்? போரும் இடப்பெயர்வும் காரணமாகக் கைவிடப்பட்ட கிணறுகள் நம்மிடையே பல. அவற்றுள் குப்பையும் செத்த பிராணியும் போடுபவர் யார்? கைவிடப்பட்ட கிணறு குப்பைக் குழியன்று. ஊரார் குடிக்கும் பானைக்கு நேரே திறந்திருக்கும் வாய் அது.

4. வீட்டில் செய்யக்கூடியவை

நோயைச் சொல்லி மருந்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. கீழே கூறுபவை எல்லாம் சாதாரண குடும்பம் ஒன்று செய்யக்கூடியவை. பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

(அ) அளந்து பாருங்கள். உங்கள் மோட்டர் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் தருகிறது என்பதை வாளியும் மணிக்கூடும் கொண்டு பிள்ளைகளே அளக்கலாம். தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் செல்லும் என்பதை எழுதிச் சுவிச்சின் பக்கத்தில் ஒட்டுங்கள். தாங்கி நிரம்பியதும் மோட்டரைத் தானாக நிறுத்தும் கருவி கடைகளில் கிடைக்கிறது. என் அனுபவத்தின்பின் நான் முதலில் வாங்கியது அதைத்தான். ஒழுகும் குழாயின் கீழ் இரவு ஒரு பாத்திரத்தை வைத்துக் காலையில் பாருங்கள். வினாடிக்கு ஒரு துளி என்றால் நாளொன்றுக்கு 4 லீற்றருக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 லீற்றர். ஒரு வாஷர் மாற்றினால் தீரும் காரியம் இது.

(ஆ) வாளிக்குத் திரும்புங்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதும், ஓடும் நீரில் கோப்பை கழுவுவதும், ஹோஸ் பிடித்து வாகனம் கழுவுவதும் நம்மை அறியாமலே வந்த பழக்கங்கள். வாளியில் எடுத்தால் எடுத்தது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதைத்தான் மனிதன் சிக்கனம் பிடிப்பான். அரிசி கழுவிய நீரை மாட்டுக்கும் பயிருக்கும் ஊற்றிய நமது பாட்டிமாருக்கு எவரும் பாடம் நடத்தவில்லை.

(இ) கிணற்றடியைச் சீராக்குங்கள். கிணற்றுக்குப் பக்கத்திலே சவர்க்கார நீர் தேங்கி நின்றால் அது திரும்பவும் கிணற்றுக்குள்தான் இறங்கும். கிணற்றைச் சுற்றிச் சீமெந்து போட்டு, சரிவு வைத்து, நீரை வாய்க்கால் வழியே தூரத்திலுள்ள வாழைக்கும் கமுகுக்கும் விடுவதே நம்முடைய பழைய முறை. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து இயன்ற அளவு தூரத்தில் இருத்தல் வேண்டும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பினூடாக நீர் விரைந்து ஓடுவதால், அடிக்கணக்கில் தூரத்தை மட்டும் நம்புவதும் போதாது. அடியும் பக்கமும் பூசிய தாங்கி கட்டுவதே பாதுகாப்பு. புது வீடு கட்டுவோர் நிறம் பூசுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும். அடுத்த வளவின் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் குழி வெட்ட வேண்டும்.

(ஈ) மழையை வரவேற்றுக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். 100 சதுர மீற்றர் கூரையில், ஆண்டொன்றுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று கொண்டால், 1,20,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 96,000 லீற்றர் மிஞ்சும். முன்னே கூறிய ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு அது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தேவை. இவ்வளவு செல்வம் நம் கூரைமேல் விழுந்து வீதியால் ஓடிப் போகிறது! பீலி வைத்து, முதல் மழையில் வரும் அழுக்கு நீரை வெளியே விட்டபின், அடுத்து வருவதைத் தொட்டியில் சேர்க்கலாம். தொட்டி கட்ட வசதியில்லாதோர் கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குள் விட்டு நிலத்துக்குள் இறக்கலாம். கூரை நீரை வடிக்காமல் நேரே கிணற்றுக்குள் விடவேண்டாம்.

முற்றம் முழுவதையும் சீமெந்தாலோ கல்லாலோ மூடுவது இப்போது நாகரிகமாகி வருகிறது. மூடிய முற்றம் மழையைத் திருப்பி அனுப்பும் முற்றம். நமது குளங்களும் கேணிகளும் தாமரை பூப்பதற்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. மாரியைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு ஊட்டுவதற்காகவே அந்நூற்றுக்கணக்கான குளங்களை முன்னோர் வெட்டினர். அவற்றைக் குப்பையால் நிரப்பிக் காணியாக்குகிறவன் ஊரின் கிணறுகளுக்கு மண் போடுகிறான்.

(உ) தோட்டத்தில் அளவறிந்து செய்யுங்கள். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. பயிர் உண்டது போக மிஞ்சியது மிகையான இறைப்போடு கீழே இறங்குகிறது. ஆகவே மிகைப் பசளையும் மிகை நீரும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். பணமும் போகிறது, கிணறும் கெடுகிறது. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடைசெய்தபோது கமக்காரர் பட்ட துன்பத்தை நாம் கண்டோம். அப்படி ஒரு நாளில் விட்டுவிடச் சொல்வது அறிவுடைமை அன்று. விவசாயப் போதனாசிரியரிடம் அளவைக் கேட்டறிந்து இடுவதும், பிரித்துப் பிரித்து இடுவதும், பூவரசங்குழையும் எருவும் தாழ்த்தி மண்ணுக்கு நீரைப் பிடித்து வைக்கும் வலுவைக் கொடுப்பதும் நம்மால் முடிந்தவை. இறைப்பைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வதும், வசதியுள்ளோர் தூவல் முறைக்கும் சொட்டு முறைக்கும் மாறுவதும் நீரை மிச்சப்படுத்தும்.

(ஊ) குப்பையைப் பிரியுங்கள். சமையற் கழிவு வாழையடிக்குப் போகட்டும். பழைய பற்றரி, ஒயில், காலாவதியான மருந்து ஆகியவற்றை வளவில் புதைக்கவோ கிணற்றில் போடவோ வேண்டாம். லஞ்ச் ஷீட்டுக்கும் மெல்லிய பொலித்தீனுக்கும் 2017இலேயே அரசு தடை விதித்தது. ஆயினும் திருநாள் முடிந்த மறுநாள் நமது ஆலய வளவுகளைப் பார்த்தால் அச்சட்டம் நம் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. கடகமும் பெட்டியும் உமலும் முடைந்த ஊர் நமது ஊர். பனையோலையில் கூழ் குடிக்கப் பிளா கோலியவர்கள், திருநாள் தண்ணீர்ப் பந்தலில் பிளாஸ்ரிக் கோப்பைக்குப் பதிலாகக் கழுவி எடுக்கும் குவளை வைக்க முடியாதா?

5. “நான் ஒருவன் செய்து என்ன ஆகப்போகிறது?”

இக்கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். பெரும் தோட்டக்காரர் இறைக்கிறார், விடுதிகள் இறைக்கின்றன, என் வாளி ஒன்றால் என்ன மாற்றம் வந்துவிடும்? கேள்வி நியாயமானதே. அரசும் உள்ளூராட்சிச் சபைகளும் செய்யவேண்டியவை பல. அவற்றைக் கேட்பதும் நம் கடமை. 2024 ஓகஸ்ற்றில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடியதாக அது அமைக்கப்பட்டது. நல்லதே. ஆனால் கடலிலிருந்து நன்னீரைப் பிரிக்க மிகுந்த மின்சாரம் வேண்டும், பணமும் வேண்டும். குழாய்நீர் வந்துவிட்டது என்று கிணற்றைக் குப்பைக்கு விட்டால், குழாய் நின்ற அன்று நாம் எங்கே போவோம்?

மேலும், பிறர் பிழை செய்வது எனக்கு அனுமதிச் சீட்டாகாது. அன்றிரவு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குளிக்க நீரில்லாமல் போனது பெரும் தோட்டக்காரராலன்று, என்னால். பொதுப் பானையில் ஒருவருடைய கவனக்குறைவு உடனே இன்னொருவருக்குத் துன்பமாகிறது. அப்படியானால் ஒருவருடைய கவனமும் உடனே இன்னொருவருக்கு உதவியாகத்தானே வேண்டும்?

நமது காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் பரப்பைச் சொன்னபின், கிணற்றில் இத்தனை பங்கு என்றும், வழி வாய்க்கால் உரிமை என்றும் எழுதியிருக்கும். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் முறைவைத்து இறைத்தன. முறை தப்பினால் சண்டையும் வந்தது, வழக்கும் வந்தது. ஆயினும் தண்ணீரில் எனக்கு இருப்பது பங்கு மட்டுமே என்ற எண்ணம் அந்த உறுதிகளில் இருந்தது. இன்று ஆளுக்கொரு கிணறும் ஆளுக்கொரு மோட்டரும் வந்தபின் அந்த எண்ணம் மறைந்துவிட்டது. உறுதியில் கிணறு முழுவதும் நம் பெயரில் இருக்கலாம். அதன் அடியில் இருக்கும் தண்ணீரில் நமக்கு இருப்பது இன்றும் பங்குதான். அப்பங்கில் அயலவருக்கும், தீவகத்தில் பவுசருக்குக் காத்து நிற்கும் தாய்க்கும், இன்னும் பிறவாத பேரப்பிள்ளைக்கும் உரிமை உண்டு.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட “லவுதாத்தோ சீ” என்னும் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதருடைய அடிப்படை உரிமை என்று வற்புறுத்தினார். நீரைச் சிக்கனமாகப் பாவித்தல், குப்பையைப் பிரித்தல், தேவைக்கு மட்டும் சமைத்தல் போன்ற சிறு செயல்களையும் அவர் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அவ்வளவு பெரிய மடலில் இவ்வளவு சிறிய காரியங்களுக்கு ஏன் இடம் கொடுத்தார்? அன்பு பெரும்பாலும் சிறு காரியங்களில்தான் நடைமுறைக்கு வருகிறது என்பதால் அல்லவா?

நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தென்மராட்சியில் ஒரு கிணற்றைச் சுற்றி நூறு குடும்பங்கள் நின்றதையும், முகந்தெரியாத ஒருவர் தன் வளவின் படலையைத் திறந்து “அள்ளுங்கோ” என்று சொன்னதையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009இல் வன்னியிலிருந்து வந்து முகாம்களில் வாளியோடு வரிசையில் நின்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாளி தண்ணீர் என்ன என்பதை அன்று அறிந்த நாம், குழாய் வந்தபின் அதை மறப்பது தகுமா? அப்பெரியோர் தம் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்லட்டும். எந்தக் கட்டுரையிலும் அது நல்ல பாடம்.

என் அயலில் இருந்த அந்தத் தாயார் அதன்பின் எதையும் மனதில் வைத்திருக்கவில்லை. அடுத்த கிழமை தன் வளவுத் தேசிக்காய் கொண்டுவந்து தந்தார். தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் குடித்தபோது, அதில் இருந்த நீர் யாருடைய கிணற்று நீர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குடும்பமாகச் சிந்திக்க

1. நமது வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ எத்தனை லீற்றர் நீர் செலவாகிறது? பிள்ளைகள் ஒருநாள் அளந்து எழுதுக.

2. பத்து ஆண்டுகளுக்கு முன் நமது கிணற்று நீரின் சுவையும் மட்டமும் எவ்வாறு இருந்தன? வீட்டுப் பெரியவரைக் கேட்டறிக.

3. நமது மலசலகூடக் குழிக்கும் நமது கிணற்றுக்கும், அயலவர் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்?

4. வரும் மாரிக்கு முன் நமது கூரை நீருக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

5. நமது ஊரில் கைவிடப்பட்ட கிணறு எது? தூர்ந்துபோன குளம் எது? இளைஞர் மன்றமும் அன்பியமும் அதற்கு என்ன செய்யலாம்?

ஐந்தையும் ஒரே வாரத்தில் செய்து முடிக்க வேண்டியதில்லை. இன்றிரவு படுக்குமுன் மோட்டர் நின்றுவிட்டதா என்று பார்ப்பதோடு தொடங்கலாம்.